கட்டில்களை எண்ணினால் போதாது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள், பொது சுகாதாரம் ஆகிய மூன்று இயக்குநரகங்களின் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

புதிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டால் செய்தியின் முதல் வரியிலேயே படுக்கைகளின் எண்ணிக்கை வந்துவிடுகிறது. கிண்டியில் 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு சிறப்பு மருத்துவமனைக்கு 1,000 படுக்கைகள் என்று படித்தோம். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம் உட்பட 11 ஊர்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவை வந்ததில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் ஒரு படுக்கையின் வழியாக ஓர் ஆண்டில் எத்தனை பேர் குணமாகி வீடு திரும்புகிறார்கள் என்ற கணக்கைத் திறப்பு விழாவிலும் யாரும் சொல்வதில்லை, விழா முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவே இந்த மடல்.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி பொது மருத்துவ வார்டிலும் அறுவைச் சிகிச்சை வார்டிலும் கழிந்தது. இங்கே சொல்பவை எந்த ஒரு மருத்துவமனையின் மீதும் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. பெரியாஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் எந்த இடத்திலும் வார்டுக்குள் ஒரு வாரம் நின்று பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளியை, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடப்பட்ட அவருடைய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்ததும் படுக்கை போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நாட்களில் அது உண்மைதான். ஆனால் அதே நாளில் அதே மருத்துவமனையின் பக்கத்து வார்டில் ஏழெட்டுக் கட்டில்கள் காலியாகக் கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். இதற்குக் காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒவ்வொரு துறையும் பல யூனிட்டுகளாக, அதாவது மருத்துவக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு அட்மிஷன் நாள். திங்கட்கிழமை வருகிற அத்தனை பேரும் முதல் யூனிட்டின் கணக்கில் சேர்வார்கள். செவ்வாய் என்றால் இரண்டாவது யூனிட். ஆகவே திங்கள் இரவு முதல் யூனிட்டின் வார்டில் கால் வைக்க இடமிருக்காது. வார இறுதியில் அட்மிஷன் நாள் வரவிருக்கும் யூனிட்டின் வார்டோ அன்றிரவு பாதி காற்றாடும்.

யூனிட்டுக்கு இத்தனை படுக்கைகள் என்ற ஏற்பாடு மருத்துவக் கல்விக்கான அங்கீகார விதிகளிலிருந்து வந்தது. மாணவர்களுக்குக் கற்பிக்கவும், ஒரு நோயாளிக்கு ஒரு மருத்துவக் குழு தொடர்ந்து பொறுப்பேற்கவும் அது உதவுகிறது. அதை உடைக்கச் சொல்லவில்லை. நோயாளியின் பொறுப்பு யூனிட்டிடம் இருக்கட்டும், இரவில் எந்தக் கட்டிலில் படுப்பார் என்பதை மருத்துவமனை முழுவதற்கும் பொறுப்பான ஒருவர் முடிவு செய்யட்டும். இன்று அந்த முடிவு பெரும்பாலும் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் கெஞ்சலையும், பக்கத்து வார்டுச் செவிலியரின் மனதையும் பொறுத்தே இருக்கிறது. “நாளைக்குச் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தால் யார் பதில் சொல்வது?” என்று கேட்டு இரக்கமுள்ளவர்கள்கூட மறுத்துவிடுவார்கள். அவர்கள் பயம் நியாயமானது. படுக்கை ஒதுக்கீட்டுக்கு என்று ஒரு பொறுப்பாளர், அவருக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரம், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள்: இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம்.

அடுத்து டிஸ்சார்ஜ். காலை ஒன்பது, பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் “இவரை அனுப்பிவிடலாம்” என்று சொல்லிவிடுவார். அதன் பிறகு பயிற்சி மருத்துவர் டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுத வேண்டும். அவரோ அதற்குள் இரத்த மாதிரி எடுக்கவும், ஸ்கேன் தேதி கேட்கவும் ஓடிக்கொண்டிருப்பார். காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர் என்றால் அதற்கான தாள்கள் முடிய வேண்டும். மருந்தகத்தில் ஒரு மாத மாத்திரை வாங்க வரிசை. எல்லாம் முடியும்போது மாலை நான்கு மணி. ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்றால் மறுநாள் காலைதான். ஆனால் புறநோயாளிப் பிரிவிலிருந்து அட்மிஷன் சீட்டோடு புதியவர்கள் பதினொரு மணியிலிருந்தே வந்து நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள். பதினொன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஒரே கட்டிலுக்கு இரண்டு பேர் உரிமையாளர்கள். தரையில் பாய் விரிக்கப்படுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நாம் மேலிடத்துக்கு அனுப்பும் கணக்கோ நள்ளிரவில் எடுக்கப்படுகிறது. பகலின் அந்த நெரிசல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியவர் போவது இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகிறது. அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருப்பவரின் கதையும் இதுதான். இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனைக்கு நாள் கொடுத்திருப்பார்கள், மயக்க மருந்து நிபுணரின் தகுதிச் சான்று வர வேண்டும், சர்க்கரை அளவு இறங்க வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வர வேண்டும். இவற்றில் பாதியையாவது அவர் வீட்டில் இருந்துகொண்டே முடித்திருக்கலாம். ஆனால் அட்மிஷன் போட்டால்தான் பரிசோதனை சீக்கிரம் நடக்கும் என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். ஆகவே எக்கோ அறையின் வரிசையை வார்டின் கட்டில் சுமக்கிறது.

இதில் ஒரு சிறு கணக்கு. 30 படுக்கை கொண்ட ஒரு வார்டில் சராசரியாக ஒருவர் ஆறு நாள் தங்கினால், ஒரு நாளைக்கு ஐந்து பேரை அந்த வார்டு ஏற்க முடியும். அந்த ஆறு நாள் ஐந்தாகக் குறைந்தால் ஒரு நாளைக்கு ஆறு பேர். ஆண்டுக்கு 1,825 பேர் என்பது 2,190 ஆகிவிடும். ஒரு செங்கல்கூட வைக்காமல், ஒரே வார்டில், கூடுதலாக 365 பேர். இப்படி எத்தனை வார்டுகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மடையை அடைத்து வைத்துக்கொண்டு கண்மாயின் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதுபோல இருக்கிறது நாம் செய்வது.

இதை எழுதும்போது எனக்கு ஓர் அச்சமும் உண்டு. செயல்திறன் என்ற பெயரில் “ஒரு கட்டிலும் ஒரு மணி நேரமும் காலியாக இருக்கக்கூடாது” என்று ஒரு சுற்றறிக்கை கிளம்பிவிடக்கூடாது. அவசர நோயாளிகள் சொல்லிவிட்டு வருவதில்லை. 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வு, அவசர நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனை ஒன்றைக் கணினி மாதிரியாக அமைத்துப் பார்த்தது. சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் படுக்கைகள் நிரம்பியிருந்தால் இடம் கிடைக்காமல் போகும் ஆபத்து தெரியத் தொடங்குகிறது, 90 சதவீதத்தை எட்டினால் படுக்கைப் பற்றாக்குறை வழக்கமாகி, அவ்வப்போது நெருக்கடியும் வந்துவிடுகிறது என்று கண்டார்கள். அந்த 85 எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டம் கிடையாது. படுக்கைகளின் கூட்டம் பெரிதாக இருந்தால் இன்னும் சற்று அதிகமாக நிரப்பியும் சமாளிக்கலாம். முப்பது முப்பதாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பூட்டி வைத்தால் மிகக் குறைந்த அளவிலேயே மூச்சு முட்டும். யூனிட்டுகளின் கட்டில்களைப் பொதுவாக்குங்கள் என்று நான் கேட்பதற்கு அடிப்படை இதுதான். காலியாக இருக்கும் சில கட்டில்கள் வீணானவை அல்ல, அவை நள்ளிரவில் வரப்போகும் மாரடைப்புக்கும் விபத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. தணிக்கையில் யாராவது அதைக் குறையாக எழுதினால், துறை அந்த மருத்துவமனையின் பக்கம் நிற்க வேண்டும்.

செயல்திறன் என்று பேசினால் மதுரையில் உடனே அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுவார்கள். காட்டத்தான் வேண்டும். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையை நடத்திய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். ஓர் அறுவை முடிந்ததும் மருத்துவர் திரும்பினால் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்யும் வேலை முழுவதையும் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள், அவர்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். உள்விழி லென்ஸின் விலை தடையாக இருந்தது என்பதால் 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதையும் தாங்களே தயாரித்தார்கள். மருத்துவரின் நேரம் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குப் போகவேண்டும் என்பதை நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் பயிற்சி மருத்துவர்கள் ரத்தக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு நடப்பதை நிறுத்தினாலே டிஸ்சார்ஜ் சுருக்கம் பதினொரு மணிக்குள் தயாராகிவிடும். ஆனால் பொது மருத்துவ வார்டைக் கண்புரை அறுவை அரங்கோடு ஒப்பிடக்கூடாது. கண்புரைக்கு வருபவருக்கு என்ன செய்யப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். மூச்சுத் திணறலோடு வரும் அறுபது வயதுக்காரருக்கு இதயமா, நுரையீரலா, சிறுநீரகமா என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளை அவசரப்படுத்தினால் மறுவாரம் அவர் மீண்டும் வருவார், அல்லது வரமாட்டார்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது என்பதிலும் நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது. பித்தப்பை அறுவைக்கு ஒரு வாரம் படுத்திருந்த காலம் போய், சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு ஓரிரு நாளில் அனுப்பிவிடுகிறோம். நல்லதுதான். ஆனால் மருத்துவமனையின் கணக்கில் மிச்சமாகும் நாட்களை வீட்டில் யாரோ ஒரு பெண் ஈடுசெய்கிறாள். மகளோ மருமகளோ கூலி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மலை ஊரிலிருந்து வந்தவர் காயத்துக்குக் கட்டு மாற்ற எங்கே போவார்? ஜப்பானில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 12 படுக்கைகள் இருக்கின்றன, ஸ்வீடனில் சுமார் இரண்டு. அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஸ்வீடன் சமாளிப்பதற்கு ஒரு பெரிய காரணம், 1992-இல் அது முதியோர் பராமரிப்பை நகராட்சிகளின் பொறுப்பாக்கியது. சிகிச்சை முடிந்தும் போக வழியில்லாமல் கட்டிலில் கிடப்பவருக்கான செலவை நகராட்சி ஏற்க வேண்டும் என்றும் விதித்தது. படுக்கைகளை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டார்கள் என்று அந்நாட்டு மருத்துவர்களே இன்று குறைப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தியாவின் 2017 தேசிய சுகாதாரக் கொள்கை ஆயிரம் பேருக்கு இரண்டு படுக்கை என்பதை இலக்காக வைத்தது. ஸ்வீடனின் எண்ணிக்கை நமக்கு இலக்காக இருக்கிறது, ஆனால் அந்த எண்ணிக்கையைத் தாங்கிப்பிடிக்கும் வீட்டுப் பராமரிப்பு நம்மிடம் இல்லை.

இல்லை என்று முழுவதும் சொல்லவும் முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே போகின்றன. அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் ரத்த அழுத்த மாத்திரையோடு ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்கிறார்கள். பக்கவாதத்தோடு டிஸ்சார்ஜ் ஆகும் ஒரு முதியவரின் பெயர், வார்டிலிருந்து அவர் கிளம்பும் முன்பே அந்த ஊர் மக்களைத் தேடி மருத்துவக் குழுவின் கையில் இருந்தால் என்ன? இன்று அவருடைய குடும்பத்தின் கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்புகிறோம். எத்தனை பேர் அந்தத் தாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுகிறார்கள்? துறை பெருமைப்படத்தக்க இரண்டு ஏற்பாடுகள் ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன.

அதற்குக் காரணம் மூன்று இயக்குநரகங்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது சலிப்பூட்டும் நிர்வாகச் செய்தியாகத் தோன்றலாம், ஆனால் நோயாளியின் உயிர் இதில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் ஓர் இயக்குநரகத்தின் கீழ். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இன்னொன்றின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றாவதன் கீழ். தாலுகா மருத்துவமனையில் இரவு மயக்க மருந்து நிபுணர் இல்லையென்றால் “மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்” என்று 108 ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. வாங்கிக்கொண்டவருக்கு ஏன் அனுப்பினார்கள் என்று தெரியாது. குடல்வால் அறுவையும், ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடும் சோகையும், சாதாரண எலும்பு முறிவும் பெரியாஸ்பத்திரியின் கட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தால், எந்தச் சிகிச்சைக்காக அந்தக் கட்டில் போடப்பட்டதோ அது தேவைப்படுபவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

பிரசவத்தில் நாம் இதைத் தீர்த்துக் காட்டியிருக்கிறோம். தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் சீமாங் மையங்களில் மகப்பேறு மருத்துவர், குழந்தை நல மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்தம் எல்லாம் இரவு பகலாக ஓரிடத்தில் இருக்கும்படி செய்தோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைச் சுழற்சியில் வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்த்தோம். தமிழ்நாட்டில் மருத்துவமனைக்கு வெளியே குழந்தை பிறப்பது இன்று அபூர்வம். நாடே நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மருந்துக் கொள்முதல் ஏற்பாடும் இங்கேதான், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-இலேயே அதை நடத்தத் தொடங்கிவிட்டது. செய்யத் தெரிந்த துறையிடம்தான் கேட்கிறேன். பிரசவத்துக்குச் செய்ததைப் பொது அறுவைச் சிகிச்சைக்கும், எலும்பு முறிவுக்கும் தாலுகா அளவில் செய்யுங்கள். ரெஃபர் செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணம் பதிவாகட்டும். மாதம் ஒருமுறை அனுப்பியவரும் வாங்கியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

நான் மிகுந்த வேதனையோடு எழுதுவது செவிலியர்களைப் பற்றி. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். இரவில் ஒரு முழு வார்டுக்கு, தரையில் இருப்பவர்களையும் சேர்த்து, ஒரே செவிலியர் என்பதுதான் நான் வாழ்ந்த நடைமுறை. ஒருவரால் என்ன செய்ய முடியும்? பக்கவாதம் வந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்ப ஆளில்லை என்றால் முதுகில் புண் வரும். புண் வந்தால் பத்து நாளில் போகவேண்டியவர் ஒரு மாதம் இருப்பார். எட்டு மணிக்குப் போடவேண்டிய ஆன்டிபயாட்டிக் பத்தரைக்குப் போடப்படுகிறது. சிறுநீர்க் குழாயை இன்று எடுத்திருக்கலாம், நாளைக்குத் தள்ளிப்போகிறது, அதற்குள் கிருமித் தொற்று வந்துவிடுகிறது. செவிலியர் பணியிடங்களை நிரப்பாமல் மிச்சப்படுத்தும் சம்பளத்தைப் படுக்கை நாட்களாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க யாருமில்லை.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வு எழுதி வந்த பிள்ளைகளை மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் நியமித்தோம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார வேண்டியதாயிற்று. பிறகு தொகை உயர்ந்தது, சிலர் நிரந்தரமானார்கள். ஆனாலும் தொகுப்பூதியம் என்ற முறை தொடர்கிறது. கோவிட் வார்டில் கவச உடைக்குள் வேர்த்து மயங்கியவர்களில் அந்தப் பிள்ளைகளும் இருந்தார்கள். காலமுறை ஊதியத்தில் செவிலியரை நியமிக்காமல் புதிய படுக்கை எதையும் திறந்ததாக அறிவிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நோயாளியைப் பார்க்க ஆளில்லாத கட்டிலை எண்ணிக்கையில் சேர்ப்பது மக்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

கடைசியாக, கணக்கைத் திறந்து வையுங்கள். 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அந்த நாட்களில் டி.எம்.எஸ். வளாகத்திலேயே ஒருங்கிணைந்த கட்டளை மையம் அமைத்து, எந்த மருத்துவமனையில் எத்தனை ஆக்சிஜன் படுக்கை, எத்தனை தீவிர சிகிச்சைப் படுக்கை காலியாக இருக்கிறது என்பதை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்தீர்கள். நெருக்கடியின் உச்சத்தில், ஆள் பற்றாக்குறைக்கு நடுவில் அதைச் செய்து காட்டினீர்கள். சாதாரண நாளில் அதைத் தொடர்வதற்கு எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவசரப் பிரிவுக்கு வந்தவர் கட்டிலுக்குப் போக எத்தனை மணி நேரம் ஆனது, சராசரியாக எத்தனை நாள் தங்கினார், எத்தனை பேர் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள், இரவுப் பணியில் எத்தனை செவிலியர்கள் இருந்தார்கள் ஆகியவற்றை ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் மாதந்தோறும் வெளியிடட்டும். மோசமான எண் வந்தால் அந்த மருத்துவமனையின் முதல்வரை மாற்றாதீர்கள். மாற்றினால் அடுத்த மாதம் எண் மட்டும்தான் திருந்தும்.

முதலில் ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்துக்கும் மூன்று இயக்குநரகங்களும் சேர்ந்து ஒரு குழு அமைக்கட்டும். பொதுவான படுக்கை ஒதுக்கீடு, காலை பதினொரு மணிக்குள் டிஸ்சார்ஜ், ஞாயிறு ரவுண்ட்ஸ், வீட்டுப் பராமரிப்போடு நேரடித் தொடர்பு ஆகிய நான்கையும் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அந்தக் குழுவில் பேராசிரியர்களோடு இரவுப் பணி பார்க்கும் வார்டுச் செவிலியர் ஒருவரும், மருந்தகப் பணியாளர் ஒருவரும், 108 ஆம்புலன்ஸ் பணியாளர் ஒருவரும் இருக்க வேண்டும். எங்கே அடைத்துக்கொள்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆறு மாதத்தின் முடிவில் வரும் அறிக்கையை, அது எப்படி இருந்தாலும், தமிழில் வெளியிடுங்கள்.

பணிவன்புடன்,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.